பத்து விரல், 88 கீ: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷோப்பான், லிஸ்ட், ராக்மானினாஃப் ஆகியோரின் பியானோ உருப்படிகள் பற்றியவை. பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்த கையோடு பெரிய உருப்படிகளில் இறங்கி, பாதி வழியில் நிற்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களிலும் 'விரல் வேகம் போதவில்லை' என்ற வரி இருக்கிறது. அநேகமாக எந்தக் கடிதத்திலும் குறை விரல் வேகத்தில் இல்லை. ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கை எப்படிப் போகிறது என்பதில்தான் இருக்கிறது. பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

ஷோப்பானின் ஃபான்டஸி-இம்ப்ராம்ப்டு படிக்கிறேன். வலது கைக்கு நான்கு நோட், இடது கைக்கு மூன்று. தனித்தனியாக வாசித்தால் சரியாக வருகிறது. சேர்த்தால் இடது கை வலது கையோடு ஒட்டிக்கொண்டு நொண்டுகிறது. — வாசகி, கோயம்புத்தூர்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு பீட்டை 12 பங்காக்குங்கள். வலது கை 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் விழும். இடது கை 1, 5, 9. ஆகவே வரிசை: இரண்டும் சேர்ந்து, வலது, இடது, வலது, இடது, வலது. 4-உம் 5-உம் ஒட்டி வரும். 9-உம் 10-உம் ஒட்டி வரும். வலது கையின் மூன்றாவது நோட் (7), இடது கையின் இரண்டு நோட்டுகளுக்கு (5, 9) நட்டநடுவே நிற்கும். இந்த வடிவத்தை மேசையில் தட்டிப் பாருங்கள்.

நம் காதுக்கு இது புதிதும் அல்ல. வாயால் 'தகதிமி' சொல்லிக்கொண்டே, அதே ஒரு பீட்டுக்குள் இடது கையால் தொடையில் 'தகிட' தட்டுங்கள். பிறகு மாற்றுங்கள்: வாயில் தகிட, வலது கையில் தகதிமி. கச்சேரியில் சதுஸ்ரத்துக்கு மேல் திஸ்ரம் போகும்போது நீங்கள் கேட்டு ரசிப்பதும் இதே கணக்குதான். மிருதங்கம் படித்தவர் வீட்டில் இருந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கு தெரிந்தபின் அதை விட்டுவிட வேண்டும். உங்கள் இடது கை நொண்டுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 40-இல் சேர்த்து வாசிக்கும்போது காது ஆறு தனித்தனி ஒலிகளைக் கேட்கிறது. வேகத்தில் கேட்க வேண்டியது இரண்டு ஓடைகள். மெதுவான கூட்டுப் பயிற்சியை வாரக்கணக்கில் நீட்டினால் 'ஆறு ஒலி' என்ற வடிவம்தான் கையில் உறைந்துபோகும். இரண்டு மூன்று நாள் போதும். அதன்பின் இப்படிச் செய்யுங்கள்:

3, 4-ஆம் பார்களில் (தாளக் கட்டங்களில்) இடது கை மட்டும் வருகிறது. அதை மட்டும் சுழற்சியாக வாசியுங்கள். வாசித்தபடியே வாரத்தின் ஏழு நாள் பெயரையும் சத்தமாகச் சொல்ல முடிகிறதா? பேச்சு திக்காமல், கை குலுங்காமல் வந்தால்தான் இடது கை தயார். இப்போது இடது கை ஓடிக்கொண்டே இருக்க, வலது கையில் ஒவ்வொரு பீட்டின் முதல் நோட்டை மட்டும் போடுங்கள். அது நின்றதும் ஒரு பீட் முழுவதும் நான்கு நோட், அடுத்த பீட் வலது கைக்கு ஓய்வு. பிறகு இரண்டு பீட் வாசிப்பு, ஒரு பீட் ஓய்வு. காது முழுக்க இடது கையில் இருக்கட்டும். வலது கை தன் பாட்டுக்கு ஓடட்டும். ஒன்று கவனம்: 5-ஆம் பாரில் வலது கை ஓய்வுக் குறியோடு தொடங்குகிறது. அந்த முதல் பீட்டின் தலையில் இடது கை மட்டும்தான் விழும். பலர் முதல் நோட்டை அங்கேயே போட்டுவிட்டு முழுப் பக்கத்தையும் ஒரு நோட் முன்னால் தள்ளிவிடுகிறார்கள்.

இடது கையின் முதல் வளைவு கீழ் சி ஷார்ப்பிலிருந்து மேல் ஈ வரை, அதாவது ஒரு ஆக்டேவுக்கும் (ஸ்தாயிக்கும்) மேலே. கையை அவ்வளவு தூரம் விரித்தே வைத்திருந்தால் இரண்டாம் பக்கம் வருவதற்குள் முன்கை கல்லாகிவிடும். சுண்டு விரல் சி ஷார்ப்பைத் தொட்டதும் அதை விடுங்கள். ஒலியைப் பெடல் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டு பக்கவாட்டில் ஊஞ்சல் போல் போய் வரட்டும்.

வலது கையில் முதல் சில நோட்டுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள்: ஜி ஷார்ப், ஏ, ஜி ஷார்ப், எஃப் டபுள் ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ. எஃப் டபுள் ஷார்ப் என்பது உண்மையில் வெள்ளை ஜி கீ. கட்டை விரல் அங்கே விழும். அதன் இருபுறமும் வரும் ஜி ஷார்ப் கறுப்பு. ஆகவே கையை முழுதும் உள்ளே, கறுப்புக் கீகளை ஒட்டி வைத்தே வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளைக் கீக்கும் கை வெளியே வந்து போனால் வேகம் ஒருநாளும் வராது. ஷோப்பான் மாணவர்களுக்கு முதலில் கை வைக்கச் சொன்ன இடம் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி. நீண்ட மூன்று விரல்கள் கறுப்பில், குட்டையான இரண்டும் வெள்ளையில். அவர் எழுத்தின் பெரும்பகுதி அந்தக் கை அமைப்பிலிருந்து பிறந்தது.

ஸ்கோரில் (இசைக்குறிப்பில்) ஹாஃப் நோட்டுக்கு 84, அதாவது குவார்ட்டர் நோட்டுக்கு 168 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குவார்ட்டர் நோட்டுக்கு 120 வந்தாலே இசை பேசத் தொடங்கிவிடும். இன்னொன்று: இந்த உருப்படிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஷோப்பான் இதை வெளியிடவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1855-இல் நண்பர் ஃபொன்டானா வெளியிட்டார். 1835 தேதியிட்ட வேறொரு கையெழுத்துப் பிரதியை ஆர்தர் ரூபின்ஸ்டைன் கண்டெடுத்து 1962-இல் பதிப்பித்தார். உங்கள் புத்தகமும் ஆசிரியரின் புத்தகமும் சில இடங்களில் வேறுபட்டால் அச்சுப் பிழை என்று அடித்துத் திருத்த வேண்டாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே வாசியுங்கள்.

ஷோப்பானின் முதல் பேலட், ஜி மைனர். கடைசிப் பகுதியை எட்டு மாதமாக மெட்ரோனோமில் இரண்டு இரண்டாக ஏற்றி வாசிக்கிறேன். ஓர் அளவுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. — வாசகர், சிங்கப்பூர்

மெட்ரோனோம் ஏணி ஓர் உயரம் வரைதான் தூக்கும். மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு விரல் எழுந்து விழ நேரம் இருக்கிறது. 'பிரெஸ்டோ கான் ஃபுவோகோ' (மிக வேகமாக, நெருப்போடு) வேகத்தில் அந்த நேரம் கிடையாது. அங்கே நான்கைந்து நோட்டுக்குச் சேர்த்து முன்கையின் ஒரே ஒரு அசைவுதான் இருக்க முடியும். நடையை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அது ஓட்டமாகாது. ஓட்டத்துக்குக் கால் வேறு விதமாக எழ வேண்டும். எட்டு மாதம் நீங்கள் நடையை வேகப்படுத்தியிருக்கிறீர்கள்.

மாற்று வழி, சின்னத் துண்டுகள். 208-ஆம் பாரில் தொடங்கும் கோடாவின் (நிறைவுப் பகுதியின்) முதல் அரை பாரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே நோட்டை இறுதி வேகத்தில், மெல்லிய ஒலியில் வாசித்து, கையைத் தளர்த்தி நிறுத்துங்கள். பின்பு நான்கு. பின்பு அரை பார் முழுவதும், கூடவே அடுத்த துண்டின் முதல் நோட்டும். இந்தக் கூடுதல் ஒரு நோட் முக்கியம். அது இல்லாவிட்டால் துண்டுகள் துண்டுகளாகவே இருந்துவிடும். அங்கே நின்று, அடுத்த துண்டுக்குரிய கீகளின் மேல் கையை ஒழுங்காக வைத்த பிறகே தொடருங்கள். நிற்கும் நேரம் முதலில் நான்கு பீட். அது எளிதாக வந்தால் இரண்டு, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்றுமில்லை. வேகம் முதல் நாளிலிருந்தே இறுதி வேகம். குறைந்துகொண்டே வருவது இடைவெளி மட்டும்.

வேகத்தில் அந்த அசைவு பிடிபட்ட பிறகு மெதுவாகவும் வாசியுங்கள், ஆனால் அதே அசைவை ஸ்லோ மோஷனில் பார்ப்பது போல. கை வட்டம் போட்டால் மெதுவிலும் அதே வட்டம்.

இடது கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோடாவில் கேட்பவர் காது வலது கையில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் கவிழ்ப்பது இடது கை. பாஸில் (தாழ்ந்த நோட்டில்) ஒன்று, மேலே ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்), மறுபடி பாஸ் என்று தாவிக்கொண்டே இருக்கிறது. பாஸைத் தொட்ட கணமே கை மேலே போய்விட வேண்டும். அங்கே போய், கீகளைத் தொட்டுக்கொண்டு, ஒலிக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். இடது கையை மட்டும் கண்ணை மூடி வாசிக்க வரும்வரை இரண்டு கையையும் சேர்க்காதீர்கள்.

திரும்பத் திரும்பத் தவறும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவீர்கள் இல்லையா, அந்த வட்டத்தை ஒன்றிரண்டு நோட் முன்னால் நகர்த்துங்கள். தவறு கேட்பது ஓர் இடத்தில், பிறப்பது அதற்கு முன்னால்: கட்டை விரல் தாமதமாக உள்ளே போயிருக்கும், அல்லது போன நோட்டில் விரல் எண் மாறியிருக்கும்.

மொத்தம் 264 பாரில் கோடா 57 பார். ஒன்பது நிமிட உருப்படியின் முடிவில், கை களைத்த நிலையில் இதை வாசிக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை எந்தப் பெரிய உருப்படியை எடுத்தாலும் கடைசிப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். கோடாவுக்கு ஒரே அமர்வில் 20 நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். காலையில் 20, மாலையில் 20 என்று பிரித்தால் ஒரு மணி நேரம் தொடர்ந்து இடிப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

61 கீ கீபோர்டில் ராக்மானினாஃபின் சி ஷார்ப் மைனர் பிரெலூட் வாசிக்கலாமா? — வாசகர், திருநெல்வேலி

முடியாது. தொடக்கத்தின் மூன்று கனத்த நோட்டுகளிலேயே உங்கள் கீபோர்டில் இல்லாத ஆழத்துக்குப் போய்விடுவீர்கள். தவிர, எடையில்லாத கீயில் கார்ட்டுகளுக்குள் ஒலியைப் பிரித்துக்காட்டப் பழக முடியாது. எடை உள்ள 88 கீ டிஜிட்டல் பியானோவும், ஆன்–ஆஃப் மட்டும் தெரிந்த பெடலாக இல்லாமல் பாதி அழுத்தத்தையும் உணரும் பெடலும் குறைந்தபட்சத் தேவை. அதுவரை ஸ்கோர் படிப்பது, விரல் எண் குறிப்பது, கார்ட்டுகளை அடையாளம் காண்பது எல்லாம் செய்துவைக்கலாம்.

லிஸ்டின் லா கம்பனெல்லா. வலது கை தாவும்போது பத்துக்கு நான்கு முறை பக்கத்துக் கீயில் விழுகிறது. — வாசகர், சென்னை

முதலில் கையில் இருப்பது எந்த ஸ்கோர் என்று பாருங்கள். லிஸ்ட் இதை 1838-இல் ஒரு முறை எழுதி, 1851-இல் திருத்தி எழுதினார். எல்லோரும் வாசிப்பது 1851-இன் ஜி ஷார்ப் மைனர். ஏ ஃபிளாட் மைனரில் இருந்தால் அது பழையது, இன்னும் கடினமானது. இணையத்தில் இறக்கியவர்கள் சிலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாவல் சில இடங்களில் இரண்டு ஆக்டேவ், அதாவது சுமார் 33 செ.மீ. கை வானவில் போல் உயரப் போய் இறங்கினால் நேரமும் போகும், குறியும் போகும். கீகளுக்குக் கொஞ்சம் மேலே தாழ்வாகப் போங்கள். பயிற்சியில் மூன்று செயலைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கீழ் நோட்டை வாசி, கண் இமைக்கும் நேரத்தில் மேலே போய் டி ஷார்ப்பைத் தொட்டுக்கொண்டு நில், ஒலி வேண்டாம், சரியான கீதான் என்று பார்த்தபின் அழுத்து. இடைநிற்றலை நாளாக ஆகக் குறைத்துவாருங்கள். இருபது முறையில் இருபதும் சரியாக விழாத வேகத்தில் அன்றைக்கு வாசிக்கவே வேண்டாம். தவறான கீயில் விழுவதையும் கை அதே அக்கறையோடு மனப்பாடம் செய்கிறது.

டி ஷார்ப் இரட்டைக் கறுப்புக் கீயில் வலதுபக்கத்தது. விரல் அந்த இரட்டையின் விளிம்பைத் தொட்டு அறியப் பழகட்டும். கண் எப்போதும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், கிளம்பிய இடத்தில் அல்ல. அதற்கு இடது கை பார்க்காமல் வாசிக்கும் அளவுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். உருப்படியின் பெயருக்கே சின்ன மணி என்று பொருள். மேல் டி ஷார்ப்பை ஓங்கி அடிக்காதீர்கள். மெல்லத் தொட்டால் தாவலும் பாதி எளிதாகிவிடும்.

என் மகளுக்கு 14 வயது. கை சிறியது, ஆக்டேவ்தான் எட்டும். ராக்மானினாஃப் வாசிக்க ஆசைப்படுகிறாள். கை விரியப் பயிற்சிக் கருவி ஏதும் வாங்கலாமா? — ஒரு தாய், யாழ்ப்பாணம்

கருவி வேண்டாம் அம்மா. இசையமைப்பாளர் ஷூமான் இளம் வயதில் விரலைப் பழக்க ஒரு கருவியைப் பயன்படுத்தினார். அவருடைய வலது கை கெட்டுப்போய், பியானோ கலைஞராகும் எண்ணத்தையே 1832 வாக்கில் கைவிட நேர்ந்தது. முழுக் காரணம் என்ன என்பதில் விவாதம் உண்டு. ஆனால் வளரும் பிள்ளையின் கையில் அந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டியதில்லை.

சாதாரணப் பியானோவில் ஆக்டேவ் சுமார் 16.5 செ.மீ. அதைத் தளர்வாக எட்டினால் போதும், வழி இருக்கிறது. ஓபஸ் (படைப்பு எண்) 23-இன் ஐந்தாவது, ஜி மைனர் பிரெலூட்டை எடுத்துக்கொள்வோம். அணிவகுப்பு போன்ற முதல் பகுதியில் கார்ட்டுகள் நிறைந்திருக்கும். மேல் நோட்டையும் பாஸையும் விடக்கூடாது. நடுவே இரு கைக்கும் பொதுவாக வரும் நோட் ஒன்றை விட்டால் கேட்பவருக்குத் தெரியாது. கறுப்புக் கீ ஆக்டேவுகளுக்குச் சுண்டு விரலுக்குப் பதில் நான்காம் விரல் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். சிறிய கைக்கு அது பொருந்தாது, ஐந்தையே வைக்கட்டும். நடுப்பகுதியில் இடது கை அகலமாகப் பரவும். அதை ஒரே பிடியாக நினைக்காமல், இரண்டாம் விரலை அச்சாக வைத்துக் கையைத் திருப்பட்டும். பாஸைப் பெடல் காப்பாற்றும். எட்டாத கார்ட்டைக் கீழிருந்து மேலாக உருட்டி வாசித்தால், பாஸ் பீட்டில் விழும்போதே பெடலை மாற்ற வேண்டும். தாமதித்தால் பாஸ் காணாமல் போய்விடும்.

பெரிய கை இருந்தால்தான் கலைஞராகலாம் என்று யாராவது சொன்னால் பியானோ கலைஞர் யோசெஃப் ஹாஃப்மனைச் சொல்லுங்கள். ராக்மானினாஃப் தன் மூன்றாம் கான்செர்ட்டோவை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். ஹாஃப்மன் கை சிறியது; அவருக்கென்று ஸ்டெய்ன்வே நிறுவனம் குறுகிய கீகள் கொண்ட பியானோவைச் செய்துகொடுத்தது. இன்றும் ஆக்டேவ் சுமார் 14 செ.மீ., 15 செ.மீ. உள்ள கீபோர்டுகள் செய்யப்படுகின்றன.

தினம் ஐந்து மணி நேரம் பயிற்சி. இரண்டு வாரமாக வலது முன்கையில் வலி. வாசித்து வாசித்துத்தான் போகுமா? — வாசகர், மதுரை

போகாது, இன்னும் மோசமாகும். இன்றே நிறுத்துங்கள். களைப்பு என்றால் கையைத் தொங்கவிட்ட சில நிமிடத்தில் அடங்கிவிடும். மறுநாள் காலையும் இருக்கும் வலி, மரத்துப்போதல், விரலில் கூச்சம், பேனா பிடிக்கும்போது வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பு மருத்துவரிடம் எந்த அசைவில் வலிக்கிறது என்று மேசையில் வாசித்தே காட்டுங்கள். இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் மாணவராக இருந்தபோது பாலகிரெவின் 'இஸ்லாமே', லிஸ்டின் டான் ஜுவான் ஃபான்டஸி இரண்டையும் அளவுக்கு மீறிப் பயின்று வலது கையைக் கெடுத்துக்கொண்டார். இடது கைக்கு மட்டுமென்று அவர் எழுதிய ஓபஸ் 9 அந்த அவதியின் தொடர்ச்சி.

குணமான பிறகு: ஷோப்பான் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பார். உங்களுக்கும் அதுவே உச்சவரம்பு. 25 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் எழுந்து நடை. ஆக்டேவ் பகுதிகளையும் பெரிய கார்ட்டுகளையும் அடுத்தடுத்து வைக்காமல் நடுவே மெதுவான ஒன்றைப் போடுங்கள். நாற்காலி உயரத்தையும் பாருங்கள்: முழங்கை கீ மட்டத்துக்குக் கீழே இருந்தால் மணிக்கட்டு மடிந்தே இருக்கும். எத்தனையோ பேருக்கு வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாக்டர்னில் ருபாட்டோ (இழுத்தும் விரைந்தும் வாசிப்பது) செய்தால் தாளம் தப்புகிறது என்கிறார் ஆசிரியர். மெட்ரோனோமோடு வாசித்தால் உயிர் இல்லை. — வாசகி, டொரொன்டோ

இரண்டு கையும் சேர்ந்து நின்று சேர்ந்து ஓடுகிறது போலிருக்கிறது. ஷோப்பான் கேட்டது அதுவல்ல. இடது கை தாளத்தைப் பிடித்திருக்க, வலது கை பாடகரைப் போல் முன்பின் போய்வர வேண்டும். நல்ல பாடகர் ஒரு சொல்லை இழுத்துப் பாடும்போது மிருதங்கக்காரர் நின்றுவிடுவதில்லையே. ஷோப்பானின் மாணவர் மிகுலி சொன்னபடி, ஷோப்பானின் பியானோ மேல் எப்போதும் மெட்ரோனோம் இருந்தது.

இடது கையை மட்டும் மெட்ரோனோமோடு வாசித்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை ஓடவிட்டு, மேலே வலது கையை மட்டும் உங்கள் விருப்பப்படி வாசியுங்கள். எங்கே இழுத்தீர்களோ அதை எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று காது தானாகச் சொல்லும்.

எட்டாம் கிரேடு முடிந்தது. நேராக பேலட்டுக்குப் போகலாமா? — வாசகர், திருச்சி

ஓராண்டு பொறுங்கள். ஷூபெர்ட்டின் ஓபஸ் 90 இம்ப்ராம்ப்டுகளில் இரண்டாவது, வலது கை ஓட்டத்துக்கு. லிஸ்டின் மூன்றாம் கான்ஸொலேஷன், மூன்றுக்கு இரண்டு கணக்குக்கும் நீண்ட பெடலுக்கும். பிராம்ஸின் ஓபஸ் 118-இன் இரண்டாவது, நடுக்குரல்களைக் கேட்டு வாசிப்பதற்கு. இவற்றோடு ஷோப்பானின் எட்யூடு ஒன்று, முழு வேகத்தை எதிர்பார்க்காமல். இந்த நான்கும் கையில் இருந்தால் பேலட்டில் புதிதாக மிரட்டும் இடம் அதிகம் இருக்காது.

வீட்டில் பார்க்காமல் முழுதும் வரும். ஆட்கள் முன்னால் நடுவில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. — வாசகி, பெங்களூரு

முதலிலிருந்து மட்டுமே தொடங்கத் தெரிந்தால் அப்படித்தான் ஆகும். ஸ்கோரில் 12 இடங்களில் எண் போடுங்கள்: புதிய ராகப்பகுதி, ஸ்ருதி மாறும் இடம், பக்கத்தின் தலை. சீட்டில் 1 முதல் 12 வரை எழுதிக் குலுக்கி எடுத்து, வந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் 12-லிருந்து 1 வரை பின்னோக்கியும் ஒரு முறை.

இடது கையை மட்டும் பார்க்காமல் வாசிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். பெரும்பாலோருக்கு முடியாது, வலது கையின் மெட்டைப் பிடித்துக்கொண்டு இடது கை இழுபட்டு வந்திருக்கும். பிறகு முழு உருப்படியையும் பாதி வேகத்தில், பெடல் இல்லாமல், ஸ்கோர் இல்லாமல் வாசியுங்கள். விரல் பழக்கம் மட்டுமே தாங்கிக்கொண்டிருந்த இடங்கள் அந்த வேகத்தில் வெளியே வந்துவிடும். அந்தப் பார்களை மட்டும் ஸ்கோரைப் பார்த்து, என்ன கார்ட், பாஸ் எந்த நோட், எந்த விரல் என்று வாய்விட்டுச் சொல்லி மறுபடி படியுங்கள். மேடைக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து, கை சூடேறாத நிலையில், ஒரே முறை, நிற்காமல் வாசித்துப் பாருங்கள். தவறினால் அடுத்த எண்ணுக்குத் தாவுங்கள்; பின்னால் போக வேண்டாம்.